உங்களுக்குத் தெரியுமா? – இணையச் சந்தையில் முதல் போணி

சேலை நெய்பவர், கூடை பின்னுபவர், ஊறுகாய் போடுபவர் எனப் பலருக்கும் ‘நாமும் ஆன்லைனில் விற்றால் என்ன?’ என்ற எண்ணம் இருக்கிறது. தாராளமாக விற்கலாம். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: தளம் அவர்களுடையது, கடை உங்களுடையது. பில்லில் வருவது உங்கள் பெயர். அதனால் கடை திறக்கும் முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

உடைந்த பொருளில் தொடங்கிய சந்தை
1995இல் அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் தொடங்கிய ஏல இணையதளம்தான் பின்னாளில் ஈபே ஆனது. அதில் முதலில் விலைபோனது பழுதான ஒரு லேசர் பாய்ன்டர். விலை 14.83 டாலர். ‘இது உடைந்தது, தெரியும்தானே?’ என்று அவர் கேட்டதற்கு, உடைந்த லேசர் பாய்ன்டர்களைச் சேகரிப்பவன் நான் என்றாராம் வாங்கியவர். ‘என் பொருளை யார் வாங்குவார்?’ என்று தயங்குபவர்களுக்கு இதைவிடத் தெம்பான பதில் இல்லை.

அவர்களுக்கும் நீங்கள் தேவை
அந்நிய முதலீடு உள்ள இணையச் சந்தைகள், உணவுப் பொருள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, இந்தியாவில் தாங்களே சரக்கை வாங்கி வைத்து நுகர்வோருக்கு விற்க முடியாது. விற்பவரையும் வாங்குபவரையும் இணைப்பதுதான் அவற்றுக்கு அனுமதிக்கப்பட்ட வேலை. 2013 ஜூனில் இந்தியாவுக்கு வந்த அமேசானும், 2018இல் வால்மார்ட் கைக்குப் போன ஃபிளிப்கார்ட்டும் இந்த விதிக்கு உட்பட்டவையே. ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் ‘விற்பவர்’ என்று ஒரு பெயர் இருப்பதன் காரணம் இதுதான். அந்த இடத்தில் உங்கள் பெயரும் வரலாம்.

ஜிஎஸ்டி எண் இல்லாமலும் விற்கலாம்
இணையத்தில் விற்றால் ஒரு ரூபாய்க்கு விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்ற நிலை முன்பு இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் அது தளர்ந்தது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவர், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, பான் எண்ணைக் கொண்டு ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்றாலே போதும். பெங்களூருக்கோ கொச்சிக்கோ ஒரு பார்சல் போக வேண்டும் என்றால் முழுப் பதிவு தேவை. அந்தப் பதிவுக்கும் அரசுக் கட்டணம் கிடையாது. ஆடிட்டர் வாங்குவது அவருடைய கூலி.

வரியே இல்லாத பொருள்கள்
அச்சிட்ட புத்தகம், மண்பானை, அகல் விளக்கு, குங்குமம், கண்ணாடி வளையல் ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி இல்லை. வரிவிலக்குப் பொருள்களை மட்டுமே விற்பவர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. பழைய புத்தகங்களை விற்க நினைப்பவருக்கு இது எளிய நுழைவாயில்.

33இல் தொடங்கும் எண்
ஜிஎஸ்டி எண்ணில் 15 இடங்கள். முதல் இரண்டும் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உங்கள் பான் எண். மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும்போது பில்லில் உள்ள எண்ணை இப்படி ஒரு பார்வை பாருங்கள். பதிவு பெற்றபின் விற்பனையே இல்லாத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். தவறினால் தாமதக் கட்டணம் நாள் கணக்கில் ஏறும்.

பிடித்த பணம் போன பணமல்ல
பதிவு பெற்றவர் இணையத்தில் விற்கும்போது, வரி நீங்கலான விலையில் 0.5 சதவீதத்தை ஜிஎஸ்டி கணக்கிலும், 0.1 சதவீதத்தை வருமான வரிக் கணக்கிலும் தளம் பிடித்துக்கொள்ளும். 1,000 ரூபாய்க்கு 5 ரூபாயும் 1 ரூபாயும். இரண்டும் உங்கள் பெயரில் அரசிடம் வரவு வைக்கப்படுகின்றன; வரி கட்டும்போது கழித்துக்கொள்ளலாம். கணக்குப் பார்க்காமல் விட்டால்தான் நஷ்டம்.

காற்றுக்கும் கட்டணம் உண்டு
புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. கொரியர்காரர்கள் தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுக்கிறார்கள். வருவது பரும எடை. உண்மை எடை, பரும எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். 600 கிராம் மூங்கில் கூடையை 40, 30, 20 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால் கணக்கு 4.8 கிலோ ஆகிவிடும்! கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி மூன்றைச் சேர்த்து ஒரே பெட்டியில் விற்றால் அதே கட்டணம் மூன்றுக்குப் பங்காகும். பொருளுக்கேற்ற பெட்டியைத் தேடுவது சில்லறை வேலையல்ல. லாபம் நிற்பதே அங்குதான்.

500 ரூபாயில் உங்கள் பங்கு எவ்வளவு?
ஓர் எடுத்துக்காட்டு. ஜிஎஸ்டி பதிவில்லாமல் உள்ளூரில் விற்கும் ஒருவர் பொருளுக்கு 500 ரூபாய் விலை வைக்கிறார். தயாரிப்புச் செலவு 250, கமிஷன் 50, அனுப்பும் கட்டணம் 70, பெட்டியும் டேப்பும் 15. கமிஷனுக்கும் அனுப்பும் கட்டணத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அது 21.60. மிச்சம் 93.40.

பத்தில் ஒன்று ரிட்டர்ன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கமிஷன் திரும்பக் கிடைத்து, பொருளும் சேதமின்றி வந்தாலும், போக வர அனுப்பும் கட்டணம், அதற்கான வரி, பெட்டி எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 180 ரூபாய் போய்விடும். மற்ற ஒன்பதின் லாபத்திலிருந்து அதைக் கழித்தால், ஆர்டருக்குச் சராசரி 66 ரூபாய்தான். உங்கள் தளத்தின் கட்டணப் பட்டியலை எடுத்து இதே கணக்கைப் போட்டபின் விலையை எழுதுங்கள். உங்கள் உழைப்புக்கான கூலியைத் தயாரிப்புச் செலவில் சேர்க்க மறக்காதீர்கள். வீட்டிலிருந்து விற்கும் பெண்கள் பலர் அதைச் சேர்ப்பதே இல்லை.

வெள்ளைப் பின்னணி
அமேசானில் முதன்மைப் படத்தின் பின்னணி தூய வெள்ளையாக இருக்க வேண்டும். பொருள் படத்தின் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும். 1,000 பிக்சலுக்கு மேல் இருந்தால்தான் வாங்குபவர் பெரிதாக்கிப் பார்க்க முடியும். ஜன்னலோர வெளிச்சம், ஒரு வெள்ளை சார்ட் தாள், கையில் உள்ள போன் போதும். சேலையின் நிறம் படத்தில் ஒன்றாகவும் நேரில் வேறாகவும் இருந்தால் அது ரிட்டர்னாகத்தான் வரும்.

890 சொல்வது என்ன?
பார்கோடு எண் 890 என்று தொடங்கினால் ‘இந்தியாவில் செய்தது’ என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணை ஜிஎஸ்1 இந்தியா அமைப்பு வழங்கியது என்பது மட்டுமே அதன் பொருள். பிராண்டு இல்லாத கைவினைப் பொருளுக்கு, பார்கோடு விலக்குக் கேட்டு அமேசானில் விண்ணப்பிக்க முடியும்.

லேபிளில் இருக்க வேண்டியவை
பொட்டலமாக விற்கும் பொருளில் தயாரித்தவர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், எம்.ஆர்.பி., வாடிக்கையாளர் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றை இணையப் பக்கத்திலும் காட்ட வேண்டும் என்ற விதி 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. வீட்டு அடுப்பில் செய்த ஊறுகாய்க்கும் முறுக்குக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் தேவை.

தலையாட்டி பொம்மைக்குச் சலுகை
2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் கைவினை ஆணையரகத்தில் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீட்டின் பதிவுபெற்ற பயனாளர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை புவிசார் குறியீடு பெற்றது. செய்பவர் கையில் அந்தப் பதிவு இருக்க வேண்டும் என்பதே முக்கியம். கைவினைஞர் அடையாள அட்டை இல்லாதவர்கள் அதை முதலில் வாங்கிவிடுங்கள்.

சொந்தக்காரர் எழுதும் விமர்சனம்
2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பவர் வாடிக்கையாளர் வேடத்தில் தன் பொருளுக்குத் தானே விமர்சனம் எழுதக் கூடாது. புகார் வந்தால் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுக்கவும் முடியாது. மச்சானிடம் ஐந்து ஸ்டார் கேட்பதைவிட, குறை சொன்னவரிடம் அன்றே பேசுவது நல்லது.

பணம் வாங்க பின் நம்பர் வேண்டாம்
பழைய சாமான் விற்க விளம்பரம் கொடுத்ததும், ‘இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் வரும்’ என்று ஒரு போன் வரலாம். யு.பி.ஐ.யில் பணம் அனுப்பத்தான் பின் நம்பர் தேவை. பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. ‘விற்பனையாளர் கணக்கு திறந்து தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று அழைப்பவர்களையும் நம்ப வேண்டாம்.

கோவையில் நடந்த முன்னோட்டம்
ஒரே நிறுவனத்தின் தளத்தைச் சாராமல், எந்தச் செயலியில் விற்பவரும் எந்தச் செயலியில் வாங்குபவரும் சந்திக்கும் பொது வலையமைப்பாக மத்திய அரசு முன்னெடுத்ததே ஓ.என்.டி.சி. 2022இல் அதன் முன்னோட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. அரசு அலுவலகங்களுக்கு விற்க 2016 முதல் ஜெம் தளம் இருக்கிறது. ஒரே சந்தையை நம்பி எல்லாச் சரக்கையும் இறக்க வேண்டியதில்லை.

இரண்டே பொருளில் தொடங்குங்கள்
ஐம்பது பொருளை ஒரே நாளில் ஏற்றாதீர்கள். உடையாத, கெடாத, சைஸ் பிரச்சினை இல்லாத இரண்டைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியில் வைத்து எடையும் அளவும் குறித்துக்கொள்ளுங்கள். பேக் செய்வதையும், ரிட்டர்ன் பெட்டியைப் பிரிப்பதையும் போனில் வீடியோ எடுங்கள். பொருள் மாறி வந்தால் இழப்பீடு கேட்க அதுவே சான்று. கேட்பதற்குத் தளம் வைத்திருக்கும் கெடுவையும் முன்பே பாருங்கள். முதல் மாதத்தில் பார்க்க வேண்டியது எத்தனை ஆர்டர் வந்தது என்பதை அல்ல; ஒவ்வோர் ஆர்டருக்கும் வங்கிக் கணக்கில் உண்மையில் எவ்வளவு வந்தது என்பதை. அந்தத் தொகை உங்கள் கூலிக்குக் கட்டுப்படியானால், மூன்றாவது பொருளைத் தைரியமாக ஏற்றுங்கள்.