அரிக்கஞ்சட்டியைத் தேடி

உத்தமபாளையத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் என் சின்னம்மா இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டிய அவர், சென்ற மாசி மாதக் கடைசியில் நான் பார்க்கப் போயிருந்தபோது, முப்பது வருஷங்களாகத் தம் கைக்குப் பழகியிருந்த அரிக்கஞ்சட்டி தவறி விழுந்து உடைந்துவிட்ட செய்தியை, நெருங்கிய உறவினர் ஒருவரின் மறைவைச் சொல்லும் குரலில் சொல்லிவிட்டு, "எங்கயாச்சும் ஒண்ணு கெடைச்சா வாங்கியாந்து குடுப்பா, மிக்சியில அடிச்ச கீரை என்னைக்குக் கீரையா இருந்திருக்கு?" என்று கேட்டுக்கொண்டார். மண்சட்டிதானே, மாலைக்குள் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று புறப்பட்டேன். அது என் கைக்கு வந்து சேர ஏழு மாதங்கள் ஆயின.

அரிக்கஞ்சட்டி என்ற பெயரையே கேள்விப்படாத இளைய வாசகர்கள் இருக்கக்கூடும். வாய் அகன்று அடி குழிந்த சாதாரண மண்சட்டிதான் அது. ஆனால் உட்புறத்தைத் தடவிப் பார்த்தால் வரிவரியாகப் பள்ளங்கள் வட்டமிட்டு ஓடுவது விரலுக்குத் தெரியும். சட்டி சக்கரத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போதே, மண்ணின் ஈரம் உலர்வதற்கு முன், வேளார் ஒரு சிறு குச்சியை உள்ளே ஊன்றிப் பிடித்து அந்த வரிகளைக் கீறிவிடுகிறார். அரிசியை இதில் இட்டு, நீர் வார்த்து, ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்ல ஆட்டினால், அரிசியைக் காட்டிலும் கனமான கல் வரிகளுக்கிடையே தங்கிவிட, அரிசி மட்டும் நீரோடு வழுகி அடுத்த பாத்திரத்தில் விழும். ஆற்று மணலில் பொன் அரித்தெடுத்தவர்கள் கையாண்டதும் கனமானது கீழே தங்கும் என்ற இந்தத் தத்துவத்தையேதான். அங்கே தங்குவது வேண்டிய பொருள், இங்கே தங்குவது வேண்டாத பொருள்.

இப்படிப்பட்ட ஒரு சாதனம் கம்பம் பள்ளத்தாக்கில் வீடுதோறும் இருந்ததில் வியப்பில்லை. 1895ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த வழியாக இந்தப் பக்கம் திரும்பியபிறகு, லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளையும் பூமியாயிற்று. மண் களத்தில் அடித்து, மண் களத்திலேயே காயவைத்த நெல்லில் மண்ணும் பொடிக்கல்லும் கலந்து வருவது இயற்கை. ஆகவே சோற்றில் பல் உடையாமல் காக்கும் பொறுப்பு அடுக்களையில் இருந்தவர்களைச் சார்ந்தது. பிற்காலத்தில் அரிசி ஆலைகளிலேயே கல் நீக்கும் யந்திரங்கள் வந்து சேர்ந்தன; கல்லில்லாத அரிசி மூட்டையாக வீட்டு வாசலில் இறங்கத் தொடங்கிய நாளிலேயே அரிக்கஞ்சட்டியின் பூர்வீக வேலை முடிந்துபோயிற்று.

ஆயினும் சட்டி அழிந்துவிடவில்லை. அதன் வரிகள் கல்லைப் பிடிப்பதுபோலவே வெந்த கீரையையும் பருப்பையும் நழுவவிடாமல் பிடித்துக்கொள்வதால், மத்தால் நாலு சுற்றுச் சுற்றினாலே கீரை மசிந்துவிடும். மிக்சியின் தகடு நாரை வெட்டிக் கூழாக்குகிறது, வரிச்சட்டியும் மத்துமோ நாரைப் பிரித்து மசிக்கின்றன. அந்த வேற்றுமையை நாக்கு உடனே அறிந்துகொள்ளும். ஜப்பானியருடைய அடுக்களைகளில் சுரிபாச்சி என்ற ஒரு பீங்கான் கிண்ணம் உண்டு. அதன் உட்புறம் மட்டும் மெருகு பூசாமல் சீப்பால் வாரியதுபோல் வரிகள் கீறப்பட்டிருக்கும். அதில் எள்ளை இட்டு மரக்குழவியால் அரைப்பார்கள். நவீன யந்திரங்களைச் செய்து உலகுக்கெல்லாம் விற்கும் ஒரு தேசத்தார் அந்த வரிக்கிண்ணத்தைக் கைவிடவில்லை என்பதை அறிந்தபோது, என் சின்னம்மாவின் பிடிவாதத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பது எனக்கு விளங்கிற்று.

தேனி நகரத்துப் பாத்திரக் கடைகளில்தான் என் தேடலைத் தொடங்கினேன். எவர்சில்வரும் இண்டாலியமும் கூரை வரை அடுக்கியிருந்த அந்தக் கடைகளில் அரிக்கஞ்சட்டி என்ற சொல்லை உச்சரித்தபோது, ஒரு பையன் மிகுந்த மரியாதையோடு அரிசி களையும் பிளாஸ்டிக் கூடை ஒன்றை எடுத்துவந்து நீட்டினான். அவன்மீது குற்றமில்லை, அவன் பிறப்பதற்கு முன்பே அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது. வாரச்சந்தைக்குப் போனேன். தரையில் சாக்கை விரித்துப் பானைகளையும் அகல்களையும் பரப்பியிருந்த ஒரு மூதாட்டி நான் சொன்னதைக் கேட்டதும் ஒரு கணம் பேசாமல் என் முகத்தைப் பார்த்தார். "அந்தப் பேரச் சொல்லிக் கேட்டே ரொம்ப வருசமாச்சு தம்பி. இப்பல்லாம் கீரச்சட்டின்னு கேட்டாத்தான் எடுத்துக் குடுப்பாக. உள்ள வரி போட்ட கீரச்சட்டின்னு சொல்லுங்க" என்றார். அன்று அவரிடம் அது இல்லை. ஆனால் அதைவிடப் பெறுமதியான ஒன்றை எனக்குக் கொடுத்தார். வேலை மாறியதும் பொருளின் பெயரும் மாறிவிடுகிறது. பழைய பெயரைச் சொல்லித் தேடுகிறவருக்குக் கிடைக்காத வஸ்து, இன்று அது செய்யும் வேலையைச் சொல்லிக் கேட்பவருக்குக் கிடைத்துவிடுகிறது.

இந்தப் பள்ளத்தாக்கில் இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். தமிழோடு கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழியாகப் பேசுகிற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்துவருகின்றன. குமுளியில் எல்லையைத் தாண்டினால் மலையாளம். நாம் மத்து என்பதைத் தெலுங்கர் கவ்வம் என்பார்கள். கன்னடத்திலும் மலையாளத்திலும் அது கடகோல். வடக்கே முறம் என்று கேட்கிறவர் இங்கே சொளகு என்று கேட்க வேண்டும். ஆகவே கையில் படம் ஒன்றை வைத்துக்கொண்டு அலைவதைக் காட்டிலும், "இதை வைத்து இன்ன வேலை செய்வார்கள்" என்று வயதான ஒருவரிடம் சொல்லிப் பார்ப்பதே உத்தமமான வழி என்பது என் அபிப்பிராயம்.

மூதாட்டி காட்டிய வழியைப் பின்பற்றி ஒரு வேளார் வீட்டை அடைந்தபோது பங்குனி பிறந்துவிட்டது. அவர் முற்றம் முழுவதும் ஒரே அளவான சட்டிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன, அத்தனையும் தீச்சட்டிகள். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா எட்டு நாள் நடக்கும்போது ஆயிரக்கணக்கான பக்தர்கள் கையில் ஏந்திச் செல்லும் அக்கினிச் சட்டிகளுக்காகவே அந்த மாதங்களில் வேளார்களின் சக்கரம் சுழல்கிறது. "விசேசம் முடியட்டும் ஐயா, போட்டுத் தாரேன்" என்றார். விசேஷம் முடிந்தது, மண் கொண்டுவர நாளாயிற்று, அதற்குள் ஆனி மாதத்துச் சாரல் மேற்கு மலையைத் தாண்டி வந்துவிட்டது. ஈரக்காற்றில் சட்டி ஒரே சீராக உலராது. உலராததைச் சூளையில் வைத்தால் உள்ளே அடைபட்ட நீர் ஆவியாகி வெடிக்கும். வரி கீறிய சட்டியில் பள்ளமும் மேடுமாகக் கனம் மாறுபடுவதால் அந்த அபாயம் மற்றச் சட்டிகளைவிட அதிகம். இதை அவர் விளக்கியபோது, கடையில் விலை கொடுத்தவுடன் பொருள் கிடைத்துவிட வேண்டும் என்று பழகிப்போன என் மனம் ஒருவாறு அடங்கிற்று.

காத்திருந்த மாதங்களில் வேறு சில பொருள்களையும் விசாரித்தேன். கேழ்வரகு திரிப்பதற்கு ஒரு திருகை வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மாவரைக்கும் யந்திரத்தை உருவாக்கியதும், 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியதும் இந்நாட்டுப் பெண்களின் தோளிலிருந்து பெரும்பாரத்தை இறக்கிவைத்த நிகழ்ச்சிகள். விடியலில் எழுந்து ஆட்டுரலோடு போராடிய தாய்மாரைக் கண்டவன் எவனும் அதைக் குறைத்துப் பேசமாட்டான். ஆனால் அம்மியும் ஆட்டுரலும் திருகையும் கொல்லைப்புறத்துக்குப் போய், துணி துவைக்கும் கல்லாகவும் வாசற்படியாகவும் கிடக்கின்றன. ஆகவே நல்ல திருகை வேண்டுபவர் கடைக்குப் போவதைவிட, பழைய வீடு இடிபடும் இடத்தை விசாரிப்பது பயன் தரும். மேற்கல்லைத் தூக்கி ஒரு நாணயத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் கல் முழுமையானது, மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் உண்டு. கல் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. அரைத்து அரைத்து வழவழப்பாகிவிட்ட கல்லில் தானியம் வழுக்குமேயன்றி அரைபடாது. உளிகொண்டு புள்ளிபுள்ளியாகக் கொத்தித் தருபவர் ஒருவர் வேண்டும். முன்பு "அம்மி கொத்தலையோ" என்று தெருவில் கூவிப் போன அந்தக் குரலைச் சின்னமனூரில் ஒரு நாள் கேட்டு ஓடிச்சென்று அவரை நிறுத்தினேன். கொத்தி முடித்ததும் தவிட்டைப் போட்டு இருமுறை அரைத்து எறிந்துவிட்டே தானியம் போட வேண்டும் என்று, நான் கேளாமலே அவர் சொல்லிப் போனார்.

பித்தளைப் பாத்திரங்களின் கதையும் இவ்வாறுதான். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் கலியாண விருந்து சமைப்பவர்கள் பெரிய செம்பு, பித்தளை அண்டாக்களைக் கைவிடாததற்குக் காரணம் உண்டு. செம்பு வெப்பத்தை விரைவில் வாங்கி எங்கும் சீராகப் பரப்புகிறது. ஆனால் புளியும் தயிரும் பட்டால் களிம்பு ஊறும். அதனால் உட்புறம் ஈயம் பூசியாக வேண்டும். அந்த வேலையை ஒருமுறை அருகிருந்து பாருங்கள்: பாத்திரத்தைத் தேய்த்துத் துலக்கி, துருத்தி ஊதிய நெருப்பின்மேல் காயவைத்து, நவச்சாரப் பொடியைத் தூவியதும் வெண்புகை எழும்; உலோகத்தின் அழுக்கைத் தின்றுவிடும் அந்தப் புகையினூடே ஒரு துண்டு ஈயத்தை உள்ளே தேய்த்துப் பஞ்சால் ஒரே வீச்சில் துடைக்கும்போது, மங்கிய பித்தளையின்மேல் வெள்ளி நிலவு படர்ந்ததுபோல் பூச்சு ஓடும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகுவதால்தான் இது சாத்தியமாகிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பை வெறுமையாக அடுப்பில் ஏற்றினால் உருகிப்போவதும் அதனால்தான்.

இங்கே வாசகர்களை எச்சரிக்க வேண்டியது என் கடமை. ஈயம் என்ற ஒரே சொல்லில் இரண்டு உலோகங்கள் மறைந்திருக்கின்றன. வெள்ளீயம் உணவுக்கு உகந்தது. காரீயம் நஞ்சு, அதிலும் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கொடிய நஞ்சு. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, இண்டாலியப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் கலக்கக்கூடும் என்று அறிவித்தது. ஈயச்சொம்பு வாங்குகிறவர் வீட்டிலேயே ஒரு முதற்பரிசோதனை செய்யலாம். 730 கிராம் எடையுள்ள சுத்தமான வெள்ளீயச் சொம்பை நிறைந்த நீரில் அமிழ்த்தினால் ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் நீர் வழியும். அத்தனை எடையும் காரீயமானால் சுமார் 64 மில்லிலிட்டர்தான் வழியும். ஆயினும் சிறிதளவு கலப்படத்தை இது காட்டாது. சந்தேகம் இருந்தால் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தபிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். பழமை என்பதற்காகவே ஒரு பாத்திரம் நல்லதாகிவிடாது.

பழம்பாத்திரங்களை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் அழகுக்கு நிறுத்திவைப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களுடைய அன்பை நான் மதிக்கிறேன்; ஆனால் அலமாரியில் நிற்கும் திருகைக்குக் கொத்துகிறவர் வேண்டாம், சுவரில் தொங்கும் அண்டாவுக்கு ஈயம் பூசுகிறவர் வேண்டாம். அந்தக் கைகளுக்கு வேலை கொடுப்பது அடுப்படியில் புழங்கும் பொருள் ஒன்றுதான்.

சாரல் ஓய்ந்து, ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் வெயில் தெளிந்த புரட்டாசியில், வேளார் நான்கு அரிக்கஞ்சட்டிகள் செய்து, சூளையில் ஒன்று வெடித்துப் போக, மூன்றை வைக்கோலில் சுற்றித் தந்தார். ஒன்றைச் சின்னம்மாவிடம் கொடுத்தேன். உள்ளே விரலை விட்டு வரிகளைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. மூன்று நாள் அரிசி கழுவிய நீரை ஊற்றி ஊறவைத்து, நான்காம் நாள் சிறுகீரையை வேகவைத்து, இரண்டு பல் பூண்டும் உப்பும் சேர்த்து மத்தைச் சுழற்றினார். அன்று நான் இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் அரிக்கஞ்சட்டி வேண்டுபவர்கள் கடைகளில் தேட வேண்டாம். தை பிறந்தவுடன், தீச்சட்டி வேலை தொடங்குவதற்கு முன்பாக, அருகிலுள்ள வேளார் வீட்டுக்கு நேரில் போய், உள்ளே வரி போட்ட கீரைச்சட்டி என்று சொல்லி, பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டு வாருங்கள். முடிந்தால் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லுங்கள். சூளையில் ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும்.