மஞ்சள் வெல்லமும் ஒரு மாணவியின் கேள்வியும்

ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும், பாலசமுத்திரத்துக்கு அருகில் உள்ள பள்ளி ஒன்றின் குடிமக்கள் நுகர்வோர் மன்றத்தில் ஆண்டுக்கு ஓரிரு முறை பேசுவது என் வழக்கம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளையொட்டி மாணவர்களிடம் பேசச் சென்றபோது இரண்டு வெல்ல உருண்டைகளை வாங்கிச் சென்றிருந்தேன். ஒன்று பளிச்சென்ற வெளிர்மஞ்சள். மற்றொன்று காப்பிக்கொட்டை நிறம். எதை வாங்குவீர்கள் என்று கேட்டேன். ஏறத்தாழ எல்லாக் கைகளும் மஞ்சளைக் காட்டின.

இது குழந்தைகளின் பிழையன்று. அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் அதைத்தான் வாங்குகிறார்கள். ஆனால், கரும்புச்சாற்றைக் கொப்பரையில் ஊற்றி, சுண்ணாம்பு சேர்த்து, மேலே திரளும் அழுக்கை நீக்கிக் காய்ச்சினால் கிடைக்கும் வெல்லம் பழுப்பாகத்தான் இருக்கும். அதை வெளுக்கச் செய்வது 'ஹைட்ரோஸ்' என்று ஆலைக்கொட்டகைகளில் அழைக்கப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட். போதாக்குறைக்கு வெள்ளைச் சர்க்கரையைக் கலப்பவர்களும் உண்டு. இந்த வெளுப்பு நிலைக்காது. சில மாதங்கள் இருப்பில் இருந்தாலே வெல்லம் மீண்டும் கறுக்கத் தொடங்கும். பொங்கலுக்கு முன்பு உணவுப் பாதுகாப்புத் துறையினர் வெல்ல ஆலைகளில் சோதனை நடத்துவதும், மூட்டை மூட்டையாகச் சர்க்கரையைப் பறிமுதல் செய்வதும் தமிழகத்தில் வழக்கமான செய்தி.

இதையெல்லாம் நான் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் இருந்த எட்டாம் வகுப்பு மாணவி எழுந்து, "அப்ப எங்கப்பா தப்புப் பண்றாருங்களா ஐயா?" என்று கேட்டாள். வெல்லச் சந்தைக்குப் பெயர் பெற்ற நெய்க்காரப்பட்டிப் பக்கம் ஓர் ஆலைக்கொட்டகையில் அவளுடைய தந்தை வேலை செய்கிறார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். கரும்பு விளையும் ஊரில் வெல்லத்தைப் பற்றிப் பேசுகிறவன், கேட்கும் பிள்ளைகளில் யாரோ ஒருவர் அடுப்படியிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று எண்ணியிருக்க வேண்டாமா? ஏதோ சமாதானம் சொல்லி உட்காரவைத்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளுடைய தந்தையைச் சந்தித்தேன். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன், இல்லை. கட்டில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "வெளுப்பா இல்லீன்னா ஏலத்துல ஆரும் கையிலயே தொட மாட்டாங்க வாத்தியாரே. கருப்பட்டி நெறத்துல இருந்தா ஒரு சிப்பத்துக்கு இவ்வளவுன்னு வெலையைக் கொறச்சுக் கேப்பாங்க. எங்க வீட்டுக்கு நாங்க வெளுக்காம எடுத்து வெச்சுக்குவோம்" என்றார். அவர் கடைசியாகச் சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது. வீட்டுக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று. கெடுதல் என்று தெரிந்தே சந்தைக்கு அதைச் செய்ய வைப்பது யார்? ஏலத்தில் நிற்கும் வியாபாரி கடைக்காரரைக் கைகாட்டுகிறார். கடைக்காரர் என்னைக் கைகாட்டுகிறார். நான் மஞ்சளைக் கேட்டவன்.

அறம் சார்ந்து பொருள் வாங்கக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பது என்றால், ஏமாறாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பது என்றே இத்தனை ஆண்டுகளாக நினைத்திருந்தேன். காலாவதித் தேதியைப் பார், எடையைப் பார், ரசீது கேள். இவை தேவைதான். ஆனால் இந்தப் பாடங்களில் வாங்குபவன் எப்போதும் பாதிக்கப்பட்டவன். விற்பவன் எப்போதும் குற்றவாளி. நாம் கேட்பதே ஒரு பொருளின் தன்மையை மாற்றுகிறது என்ற பாதியை நான் சொல்லித் தந்ததே இல்லை.

கேட்பவர் மாறினால் சந்தை மாறும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தண்ணீர் சேர்க்காமல் வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் முதலியவற்றால் செய்யப்படுவது அது. அதற்கான நாட்டுச்சர்க்கரையைக் கோயில் நிர்வாகம் ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வாங்கி வருகிறது. இன்ன தரம் வேண்டும் என்று கேட்கும் ஒரு பெரிய வாடிக்கையாளர் இருப்பதால், அந்தத் தரத்தில் காய்ச்சுகிறவர்களும் இருக்கிறார்கள். பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி மலைவாழைக்கு 2008-லேயே புவிசார் குறியீடு வந்துவிட்டது. முடிக்கொத்து நோயால் பழனி மலையில் அழியும் நிலைக்குச் சென்று மீட்கப்பட்ட பழம் அது. கடையில் நம் பிள்ளைகள் கை நீட்டுவதோ நீளமான, புள்ளியில்லாத பச்சைவாழைக்கு. வெல்லத்தில் நடந்ததுதான் இங்கும்.

நாம் கொடுக்கும் விலைக்கு அப்பால் வேறு எவரோ கொடுக்கும் விலையும் உண்டு. அதை விளக்க நம் தலைக்கு மேலே இருக்கும் மலையே போதும். கொடைக்கானலில் அன்றைய இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் பழைய சாமான் கிடங்கு ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டதையடுத்து 2001-இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-இல்தான். வெளிநாட்டில் யாரோ ஒரு தாய் தன் குழந்தையின் காய்ச்சலைப் பார்க்க வாங்கிய கருவி. அவர் அறிந்து செய்த பிழை ஏதுமில்லை. ஆயினும் கணக்கின் மீதி இந்த மலையில் விழுந்தது. அதே மலையில் இன்று, ஐந்து லிட்டருக்கும் குறைவான பிளாஸ்டிக் புட்டிகளுக்கு 2024 முதல் ரூ.20 பசுமை வரி விதிக்கப்படுகிறது. மறைந்திருந்த விலையின் ஒரு சிறு பகுதியை ரசீதில் தெரியவைக்கும் முயற்சியாகவே அதைப் பார்க்கிறேன். மாணவர்களுக்கு இது சட்டென்று புரிகிறது. சுற்றுலா வந்தவர்கள் வீசிய புட்டிகளை மலைப்பாதை ஓரத்தில் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'நல்ல' பொருள் பெரும்பாலும் விலை கூடிய பொருள். கூலிக்குச் செல்லும் தாயின் மகனிடம் இயற்கை விளைபொருளை வாங்கு என்று அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையில், குறைவாக வாங்குவதையும், கிழிந்ததைத் தைத்து உடுத்துவதையும், அண்ணனின் புத்தகப்பையைத் தம்பி தூக்குவதையும் அந்த வீடுகளே நமக்குக் கற்றுத்தர முடியும். அவர்களிடம் மஞ்சப்பையைப் பற்றி உரையாற்றுவது கொஞ்சம் வேடிக்கைதான். பாடம் தேவைப்படுவது, அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வீட்டு வாசலில் பொருள் வந்திறங்கும் என் மகன் வீட்டைப் போன்ற வீடுகளுக்கு.

அடுத்த முறை பள்ளிக்குச் சென்றபோது உருண்டைகளை எடுத்துச் செல்லவில்லை. தலைமையாசிரியரின் அனுமதியுடன் அந்த மாணவியின் தந்தையையே அழைத்துச் சென்றேன். மைக்கைப் பிடிக்கக் கூச்சப்பட்டார். பிறகு பாகு பதம் பார்ப்பது எப்படி என்று கையை ஆட்டி ஆட்டி அரை மணி நேரம் பேசினார். மகள் முதல் வரிசையில் அமர்ந்திருந்தாள்.

தைப்பொங்கலுக்கு நானும் ஆசிரியர்கள் சிலரும் வெளுக்காத வெல்லம் வேண்டுமென்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தோம். வீடு தேடி வந்து கொடுத்தவள் அந்த மாணவிதான். கடை விலையைவிடக் கிலோவுக்குச் சற்று அதிகம் சொன்னாள். கொஞ்சம் குறைக்கக்கூடாதா என்று என் மனைவி பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார். "கொறைக்க முடியாதுங்க அம்மா" என்றாள்.

பொங்கல் கருத்துத்தான் இருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி முகம் சுளித்தாள். இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.