கோதுமை ஏற்காத குடலும் வாழ்நாள் பத்தியமும்

மருந்து உண்ணும்போது பத்தியம் காப்பது நம் நாட்டு வழக்கம். பத்தியம் ஒன்றே மருந்தாக அமைந்த நோயும் உண்டு. சீலியாக் நோய் என்று மருத்துவர் வழங்கும் அந்நோய், கோதுமை முதலிய சில தானியங்களைக் குடல் ஏற்காமையால் உண்டாவது. வந்தவரை அது வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்குவதில்லை. ஆயினும் அத்தானியங்களை அறவே விலக்கி உண்பவர் பிறரைப் போல உழைத்து நலமுடன் வாழலாம்.

தானியத்தை விளைவிப்போரும், அதனை அரைத்து விற்கும் சங்கத்தாரும், நியாய விலைக் கடைகளை நடத்தும் கூட்டுறவுப் பண்டகசாலையாரும் இதனை அறிந்திருத்தல் அவசியம். இந்நோயாளிக்குரிய மருந்து நம் களத்திலும் கிடங்கிலும் மாவு மில்லிலும் இருக்கிறது. அது தூயதாக அவர் கைக்குச் சேர்வது நம்மைப் பொறுத்தது.

நோயின் இயல்பு

பிசைந்த கோதுமை மாவை நீரில் அலசினால் வெண்மையான மாச்சத்து கரைந்து போகும். ரப்பர் போன்று இழுபடும் பசை எஞ்சி நிற்கும். இப்பசையே குளூட்டன் எனப்படும் புரதம். பரோட்டாவுக்கு மாவை வீசி இழுக்க முடிவதும், ரொட்டி உப்பி எழுவதும் இதனாலேயே. பார்லியிலும், ரை என்னும் குளிர்நாட்டுத் தானியத்திலும் இதனையொத்த புரதங்கள் உண்டு.

நம் சிறுகுடலின் உட்புறம் வழுவழுப்பானதன்று. தேங்காய்ப்பூத் துண்டில் நூல் வளையங்கள் நெருங்கி நிற்பதைப் போல, நுண்ணிய குடல் உறிஞ்சிகள் அங்கே அடர்ந்து நிற்கின்றன. உணவின் சத்தை இரத்தத்தில் சேர்ப்பவை அவையே. சீலியாக் நோயாளியின் உடலில், நோயை எதிர்க்க அமைந்த ஆற்றல் குளூட்டனைக் கண்டதும் திசை மாறித் தன் குடலையே தாக்குகிறது. வளையங்கள் தேய்ந்த துண்டு நீரை உறிஞ்சாததுபோல, உறிஞ்சிகள் தேய்ந்த குடலும் சத்தை ஏற்பதில்லை. வயிறு நிறைய உண்டும் உடல் பட்டினி கிடக்கிறது.

குழந்தைகளிடம் இது நாட்பட்ட வயிற்றுப்போக்கு, வயிறு உப்பல், எடை குறைவு, வளர்ச்சிக் குறைவு ஆகியவையாகத் தோன்றும். பெரியவர்களிடம் வயிற்றுக் கோளாறே இல்லாமலும் இருக்கலாம். இரும்புச் சத்து மாத்திரைக்கும் தீராத சோகை, எலும்பு மெலிவு, மீண்டும் மீண்டும் வரும் வாய்ப்புண், தீராத களைப்பு, மகப்பேற்றில் தடை, முழங்கை முழங்கால்களில் அரிப்புடன் எழும் கொப்புளங்கள் ஆகியவை இதன் அறிகுறிகளாகலாம். பூச்சித் தொல்லை, சத்துக் குறைவு என்று கருதிப் பல ஆண்டுகள் வீணே கழித்த குடும்பங்கள் உண்டு.

காரணம் கண்ட வரலாறு

1888ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்நோயைத் தெளிவாக விவரித்தார். தீர்வு உண்டாயின் அது உணவின் வழியே வரவேண்டும் என்றும் கூறினார். ஆயினும் தீங்கு செய்யும் உணவு எது என்பது அவருக்குப் புலப்படவில்லை. மெல்லிதாக அரிந்து வாட்டிய ரொட்டியை அனுமதித்து, அரிசியை விலக்கச் சொன்னார்! 1924இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவு முறையை வெளியிட்டார். குழந்தைகள் பலர் நலமடைந்தனர். வாழைப்பழமே மருந்து என்று உலகம் எண்ணியது. ரொட்டி நீங்கியதே உண்மைக் காரணம் என்பது அப்பொழுது விளங்கவில்லை.

அதனை விளக்கியவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ. 1930களிலேயே அவருக்குக் கோதுமையின் மேல் ஐயம் உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அந்நாட்டைக் கொடிய பஞ்சம் வாட்டியது. ரொட்டி கிடைப்பது அரிதாயிற்று. நாடே பசியால் மெலிந்த அந்நாளில் சீலியாக் நோயுற்ற குழந்தைகள் தேறினர். ரொட்டி மீண்டும் வந்தபோது அவர்கள் நோயும் மீண்டும் வந்தது. டிக்கெ 1950இல் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். அவரும் அவருடன் பணியாற்றியவர்களும், மலத்தில் வீணாகும் கொழுப்பை அளந்து, கோதுமையின் மாச்சத்து தீங்கற்றது, புரதமே தீங்கு செய்வது என்று நிறுவினர்.

நம் நாட்டின் நிலை

இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளிலும் 23,000க்கு மேற்பட்டோரைச் சோதித்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. வடக்கே ஆயிரம் பேருக்கு எட்டு அல்லது ஒன்பது பேரிடம் இந்நோய் காணப்பட்டது. தெற்கே ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேருக்கு ஒருவரே இருந்தார். ஆனால் இந்நோய்க்கு இடந்தரும் மரபுக்கூறு, தெற்கிலும் வடக்கைப் போலவே மூன்றில் ஒரு பங்கினரிடம் இருந்தது. வேறுபாடு உணவில் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரி 455 கிராம். தெற்கே 25 கிராம்.

இம்மரபுக்கூறு உடையவரில் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோய் வருவதேயில்லை. எனினும் நமக்கு இயற்கையான காப்பு ஏதும் கிடையாது என்பதும், இதுவரை நம் சோற்றுப் பானையே பெருமளவு காப்பாக நின்றது என்பதும் இதனால் விளங்கும். சப்பாத்தியும் பரோட்டாவும் பிஸ்கட்டும் இன்று சிற்றூர்களிலும் அன்றாட உணவாகிவிட்டன. இந்நோய் அரிது என்ற எண்ணத்தாலேயே அது கண்டறியப்படாமல் போகவும் கூடும்.

சோதனைக்கு முன் பத்தியம் வேண்டா

ஐயம் எழுந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்வர். பின்னர், பெரும்பாலும், வாய் வழியே சிறு குழாயைச் செலுத்திக் குடலின் நுண்ணிய துணுக்கை எடுத்துச் சோதிப்பர். இங்கே ஒன்றை மறவாமல் கொள்ள வேண்டும்: சோதனை முடியும் வரை கோதுமை உண்பதை நிறுத்தலாகாது. நிறுத்தினால் குடல் தேறத் தொடங்கும். நோய் இருந்தும் இல்லையெனச் சோதனை காட்டக்கூடும். நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருக்கலாம். ஆதலால் அவர்களும் சோதித்துக் கொள்வது நன்று.

உண்பனவும் விலக்குவனவும்

கோதுமை, மைதா, ரவை, சேமியா, சம்பா கோதுமை, பார்லி ஆகியவற்றையும், இவற்றாலான பண்டங்கள் அனைத்தையும் விலக்க வேண்டும். ஓட்ஸ் பெரும்பாலோர்க்குத் தீங்கு செய்யாது. ஆனால் கடையில் விற்பதில் கோதுமையோ பார்லியோ கலந்திருத்தல் கூடும். மருத்துவரைக் கேளாமல் அதனை உண்ணலாகாது.

உண்ணத் தக்கவையோ மிகப் பல. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி ஆகிய எதிலும் தீங்கு செய்யும் குளூட்டன் இல்லை. பருப்பு வகைகள், கிழங்குகள், காய்கனிகள், பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவையும் தீங்கற்றவை. ஐரோப்பியர் இப்பத்தியத்துக்கெனத் தனி ரொட்டியைப் பெருவிலைக்கு வாங்குகின்றனர். இட்டிலியும் தோசையும் இடியாப்பமும் புட்டும் களியும் கூழும் நம் வீட்டில் எளிதில் ஆகும் பத்திய உணவே.

மறைந்து வரும் கோதுமையைக் குறித்து விழிப்புத் தேவை. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பதுண்டு. கேழ்வரகு சேமியா என்ற பெயரில் வருவதில் கோதுமையும் கலந்திருக்கலாம். சத்து மாவிலும் வறுத்த கோதுமை சேர்ப்பது வழக்கம். மால்ட் சேர்ந்த பானங்கள் பெரும்பாலும் பார்லியிலிருந்து வருபவை. சோயா சாஸில் கோதுமை உண்டு. ஆகவே உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்த பின்னரே வாங்குதல் வேண்டும்.

கலப்பே பகை

ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேற்படாதிருந்தால்தான் அதனைக் குளூட்டன் அற்றது என விற்கலாம் என்பது நம் நாட்டுச் சட்டம். உலக அளவில் வழங்கும் விதியும் அதுவே. கோதுமை மாவின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். எனவே ஒரு கிலோ அரிசி மாவில் ஒரு சிட்டிகை கோதுமை மாவு விழுந்தாலும் அந்த அளவு மீறிவிடலாம். 'சிறிதளவுதானே' என்னும் சொல் இப்பத்தியத்தில் செல்லாது.

கேழ்வரகு நிலத்தில் தூயதாகவே விளைகிறது. அது கெடுவது வரும் வழியில்தான். கோதுமை இருந்த சாக்கில் அதனைக் கட்டுகிறோம். கோதுமை அரைத்த இயந்திரத்தில் அரைக்கிறோம். மைதா அளந்த படியால் அளக்கிறோம். ஒரே சல்லடையில் சலிக்கிறோம். வீட்டிலும் சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை வார்ப்பதாலும், மைதாப் பண்டம் பொரித்த எண்ணெயில் வடை சுடுவதாலும் கலப்பு நேர்கிறது. நோயாளி உள்ள வீட்டில் தானியத்தைக் கழுவி உலர்த்தி வீட்டிலேயே அரைப்பது நலம். அவருக்கெனப் பூரிக்கட்டை, சல்லடை, மாவுப் பாத்திரம் ஆகியவற்றைத் தனியே வைக்க வேண்டும்.

நெசவாளர் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. பாவுக்கு மைதாக் கஞ்சி போடுவோர் உண்டு. கஞ்சி கையில் படுவதால் இந்நோய் மிகாது; வாயினுள் சென்றால்தான் தீங்கு. ஆகவே நோயுள்ளவர் அம்மாவைத் தூசி பறக்கக் கையாளாமலும், கை கழுவாமல் உண்ணாமலும் இருக்க வேண்டும். கஞ்சி காய்ச்சும் பாத்திரம் சமையலறைக்குள் வரலாகாது. கூடுமாயின் அரிசிக் கஞ்சிக்கு மாறிக் கொள்ளலாம்.

நோயுடன் வாழ்தல்

பத்தியம் தொடங்கிய சில வாரங்களிலேயே பலருக்கு வயிற்றுத் தொல்லை தணியும். குழந்தைகள் எடை கூடி வளர்வர். குடல் முழுதும் தேற மாதங்கள் பலவாகும். பெரியவர்க்கு ஆண்டுகளும் ஆகலாம். தொல்லை தணிந்தவுடன் 'இனிக் கொஞ்சம் உண்ணலாம்' என்று எண்ணுவதே பெரும் ஆபத்து. வெளியே அறிகுறி தோன்றாமலே குடல் மீண்டும் தேயும். இரும்பு, சுண்ணாம்புச் சத்துக் குறைவுகளையும் எலும்பின் வலிமையையும் மருத்துவரிடம் அவ்வப்போது சோதித்துக் கொள்ள வேண்டும். இந்நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யப்படும் பொடிகளை நம்பிப் பத்தியத்தைக் கைவிடலாகாது.

திருமண வீட்டிலும் விடுதியிலும் 'ஒரு நாள் உண்டால் என்ன?' என்ற வற்புறுத்தல் எழும். அன்பினால் வரும் அவ்வற்புறுத்தலே நோயாளியை மிகவும் வருத்துகிறது. அரசுப் பள்ளிகளில் வழங்கும் காலை உணவில் ரவையும் சேமியாவும் வரும் நாட்கள் உண்டு. நோயுள்ள குழந்தையின் பெற்றோர் ஆசிரியரிடம் முன்னரே தெரிவித்துவிட வேண்டும். அதே சமயம், நோயில்லாதவர் கோதுமையை விலக்குவதால் தனிப் பயன் எதுவும் இல்லை.

சங்கங்கள் செய்யத் தக்கன

பெரும் செலவின்றிச் செய்யத் தக்கவை சில உண்டு. அரிசிக்கும் சிறுதானியத்துக்கும் தனிச் சாக்கு, தனிப் படி, தனி இடம் வைக்கலாம். சங்க மாவு மில்லில் கோதுமையே நுழையாத இயந்திரம் ஒன்றை ஒதுக்கலாம். கோதுமை அரைத்த பின் சிறிதளவு அரிசியை ஓட்டி இயந்திரத்தைத் துடைத்துவிட்டதாகக் கருதுவது போதாது. உறையில் சேர்மானங்கள் அனைத்தையும் ஒளியாமல் அச்சிடலாம். பரிசோதனைச் சாலையில் அளந்து பாராமல் 'குளூட்டன் அற்றது' என்று மட்டும் அச்சிடலாகாது. அச்சொல்லை நம்பி ஒரு தாய் தன் குழந்தைக்குக் கூழ் காய்ச்சுவாள்.

ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதன் பின் நம் கம்புக்கும் தினைக்கும் வெளியூரிலும் மதிப்பு ஏறி வருகிறது. தூய்மையாகப் பிரித்துக் கட்டிய தானியத்துக்கு நல்ல விலையும் கிடைக்கக் கூடும். விலை கிடைப்பினும் கிடையாவிடினும், ஒருவருக்கு மருந்தாகும் பொருளை மாசின்றித் தருவது உற்பத்தியாளர் கடமை. நம் சங்கத்து அங்கத்தினர் அக்கடமையைத் தம் சாக்கிலும் படியிலும் இருந்தே தொடங்குவார்களாக.