அரிசித் தெருவில் கடைசி நான்கு நாள்

பாங்காக்கின் காவ் சான் சாலை சுமார் நானூறு மீட்டர் நீளம். ஒரு முனையில் கிளம்பினால் ஐந்தாறு நிமிடத்தில் மறுமுனைக்குப் போய்விடலாம். லாவோஸ், வியட்நாம், கம்போடியா என்று மாதக்கணக்கில் சுற்றிவிட்டு வருகிறவர்களோ இந்தத் தெருவிலேயே மூன்று நாள், நான்கு நாள் தங்கிவிடுகிறார்கள். ஊருக்கு விமானம் ஏறுமுன் அவர்களில் பலர் கடைசியாக முதுகுப்பையை இறக்கி வைக்கும் இடம் இது.

'காவ் சான்' என்றால் தாய்லாந்து மொழியில் அரிசி. நெல்லைக் குத்தி உமி நீக்கிய, உலைக்குத் தயாரான அரிசி. 1892இல் போட்ட இந்தச் சாலை ஒரு காலத்தில் பெரிய அரிசிச் சந்தை. டோனி, மௌரீன் வீலர் தம்பதியர் 1975இல் வெளியிட்ட தென்கிழக்கு ஆசியக் கையேடு, குறைந்த செலவில் இந்தப் பகுதியைச் சுற்றலாம் என்று ஒரு தலைமுறைக்கே தைரியம் கொடுத்தது. 1980களில் இந்தத் தெருக்காரர்கள் வீட்டில் காலியாக இருந்த அறைகளை அப்படி வந்தவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். அரிசி வாங்க ஆள் வந்த தெருவுக்கு அறை தேடி ஆள் வரத் தொடங்கியது அப்படித்தான். அலெக்ஸ் கார்லாண்டின் 'தி பீச்' நாவல் 1996இல் வந்தது. அதன் கதை தொடங்குவதும் இந்தத் தெருவின் ஒரு மலிவு அறையில்தான்.

கடைசி நாட்களின் முதல் வேலை பையைக் கொட்டுவது. ஹாஸ்டல் கட்டிலில் கவிழ்த்தால் பயணம் முழுவதும் வந்து விழும். யானைப் படம் போட்ட தொளதொள கால்சட்டை, முட்டிக்குக் கீழே சாயம் வெளுத்துப்போய்க் கிடக்கும். செருப்பின் அடியில் அங்கோர் பக்கத்துச் செம்மண் காய்ந்து ஒட்டியிருக்கும். பாதி பிதுக்கிய கொசு களிம்பு, ஜோடி தொலைந்த காலுறை, இரவுப் பேருந்தின் கிழிந்த சீட்டு, யாரோ ஒரு ஜெர்மன்காரர் எழுதிக் கொடுத்த முகவரித் துண்டு. பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தால் நாலைந்து லாவோஸ் கிப் நோட்டுகள். அந்த நாட்டு எல்லையைத் தாண்டிவிட்டால் அவற்றை மாற்றித் தருகிறவர்கள் அரிது. அப்படியே புத்தகத்துக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

எதை எடுத்துப் போவது, எதை விட்டுவிட்டுப் போவது? படித்து முடித்த புத்தகம் ஹாஸ்டல் அலமாரிக்கு. மிச்சமிருக்கும் ஷாம்பு அடுத்த கட்டில்காரருக்கு. பவர் பேங்க் கைப்பைக்குள்தான் இருக்க வேண்டும். விமானத்தின் சரக்குப் பகுதிக்குப் போகும் பையில் அதை வைக்க அனுமதியில்லை. கடைவீதியில் ஆசைப்பட்டு வாங்கிய புத்தர் சிலை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. தாய்லாந்திலிருந்து புத்தர் சிலைகளை வெளியே கொண்டுபோக அந்நாட்டு நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும்.

விசா நாட்களையும் ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது. வந்து இறங்கிய தேதியே முதல் நாள். முப்பது நாள் என்றால் முப்பது நாள்தான். முப்பத்தொரு நாள் கொண்ட மாதத்தை அப்படியே 'ஒரு மாதம்' என்று கணக்குப் போட்டால் பிசகும். அனுமதிக்கு மேல் தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000 பாட். பணம் கரைந்துபோன கடைசி நாளில் அது பெரிய அடி.

இந்த வேலைகள் முடிந்த பிறகு வருகிற வெறுமைதான் உண்மையில் கடினமானது. கை பரபரக்கும். பார்க்காமல் விட்ட கோயில், சாப்பிடாமல் விட்ட பதார்த்தம் என்று ஒரு பட்டியல் போட்டு நாள் முழுக்க ஓடி, ஒன்றும் மனதில் நிற்காமல் விமான நிலையத்தில் போய் விழுகிறவர்களே அதிகம். அது பெரிய இழப்பு. உளவியலாளர் டேனியல் கானமேனும் சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஒரு சோதனை இங்கே நினைவுக்கு வருகிறது. ஒருமுறை 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, கூடவே இன்னும் 30 விநாடி; அந்த 30 விநாடியில் நீரின் குளிரை ஒரு டிகிரி மட்டும் குறைத்தார்கள். மறுபடி எதைச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்ட சோதனையையே தேர்ந்தெடுத்தார்கள். வலியின் மொத்த நேரத்தைவிட, அது முடிந்த விதம் நினைவில் ஆழமாகப் பதிந்திருந்தது. ஆறு மாதப் பயணத்துக்கும் கடைசி மூன்று நாள் அப்படித்தான் என்று தோன்றுகிறது. அந்த மூன்று நாளை ஒரே பேட்டைக்குக் கொடுத்துவிடலாம்.

கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு நடை போதும். காவ் சானிலிருந்து வெளியே வந்து, ராஜ்டம்னொன் அகலச் சாலையில் ஜனநாயக நினைவுச் சின்னம் வரை போய், டின்சோ தெருவில் திரும்பினால் எதிரே சிவப்பு வண்ணத்தில் பிரமாண்டமான தேக்குத் தூண்கள் எழுந்து நிற்கும். சாவ் சிங் சா என்னும் ராட்சத ஊஞ்சல். 1784இல் முதலில் நிறுவப்பட்டது. மார்கழியை ஒட்டி ஈசன் பூமிக்கு வருவதாக நம்பி இங்கே விழா எடுத்தார்கள். இளைஞர்கள் உயர உயர ஆடி, மூங்கில் கம்பத்தில் தொங்கும் பண முடிப்பைப் பல்லால் கவ்வுவார்கள். 1935இல் ஆட்டம் நின்றுபோனது. அருகிலுள்ள தேவஸ்தான் கோயிலில் சடங்கு மட்டும் இன்றும் நடக்கிறது.

அந்த விழாவின் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அப்படி மருவின என்கிறார்கள் அறிஞர்கள். மாணிக்கவாசகரும் ஆண்டாளும் கடல் தாண்டி, உச்சரிப்பு தேய்ந்து, பாங்காக்கின் ஒரு சாலைச் சந்திப்பில் ஊஞ்சலாகி நிற்கிறார்கள். தமிழர் ஒருவருக்கு இதைவிட நெருக்கமான இடம் அந்த நகரில் இருக்க முடியாது. அதற்குப் பதினைந்து இருபது நிமிட நடைத் தொலைவில் தங்கிவிட்டு, பார்க்காமலே ஊர் திரும்புவது மனதை வருத்துகிறது.

கடைசி நாள் மாலையில் கையில் நாணயங்கள்தான் மிஞ்சும். பணம் மாற்றும் கடைகள் நாணயத்தை வாங்குவதில்லை. இரண்டு இளநீர், ஒரு தட்டு மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறும். மிச்சம் கோயில் உண்டியலுக்கு. பிறகு சுவர்ணபூமி விமான நிலையம்.

குடியேற்றச் சோதனை முடிந்து உள்ளே போனால் கூடத்தின் நடுவே வாசுகியின் நீண்ட உடலை ஒருபுறம் தேவரும் மறுபுறம் அசுரரும் பிடித்து இழுக்கிறார்கள். மேலே திருமால் நிற்கிறார். பாற்கடல் கடையும் காட்சி, பளபளக்கும் வண்ணத்தில். அதைச் சுற்றிலும் முதுகுப்பைகளைத் தரையில் போட்டுவிட்டு, வெயிலில் கறுத்த முகங்களோடு சிலர் தங்கள் விமானத்தின் வாயில் எண்ணைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.