பெட்டி இல்லாத சரக்கு!

சினிமா விமரிசனம் எழுதுகிறவருக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. 'படம் எப்படி சார்?' என்று டீக்கடையில்கூட நிறுத்திக் கேட்பார்கள். நான் எழுதுவது வீடியோ கேம் விமரிசனம். அதிலும் பெரிய கம்பெனி சமாசாரம் இல்லை. இரண்டு பேர், மூன்று பேர் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் செய்து, டி.வி.யோடு இணைக்கிற கன்சோலில் டவுன்லோட் செய்துகொள்ளும்படி விற்கிறார்களே, அந்தச் சின்ன கேம்கள். 'இண்டி' என்பார்கள். 'என்ன பண்றீங்க?' என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொன்னால், 'சரி, வேலை என்ன பண்றீங்க?' என்று அடுத்த கேள்வி வருகிறது!

ஆனால், சினிமா விமரிசகரைவிட எனக்குப் பொறுப்பு ஒரு பிடி அதிகம். எப்படி என்கிறீர்களா? பி.காம். படித்தவன் பாஷையில் சொல்கிறேன்.

மேஜை வாங்கினால் தேய்மானம் வருஷத்துக்கு இவ்வளவு சதவிகிதம் என்று கணக்கு எழுதுவோம். டவுன்லோட் கேமுக்கு முதல் நிமிஷமே தேய்மானம் 100 சதவிகிதம்! டிஸ்க்கில் வருகிற கேம் என்றால் ஆடி முடித்ததும் பாதி விலைக்குத் தள்ளிவிடலாம். நண்பனுக்கு இரவல் கொடுத்துவிட்டு, திரும்பி வராமல் சண்டையாவது போடலாம். இதில் பெட்டியும் கிடையாது, டிஸ்க்கும் கிடையாது. விற்க முடியாது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? பிளேஸ்டேஷன் கடையில் 14 நாளுக்குள் கேட்கலாம், டவுன்லோடை இன்னும் தொடங்காமல் இருந்தால்! அதாவது, இலையில் கை வைக்காதவரை காசு வாபஸ். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் அது உங்க பாடு.

ஆக, வாங்குவதற்கு முன்னால் உங்களுக்கு இருக்கிற பிடிமானம் யாராவது ஒருத்தர் சொல்கிற வார்த்தைதான். அந்த வார்த்தை ஒழுங்காக இருக்க வேண்டும், இல்லையா?

2008-க்கு வாங்க!

இந்த வியாபாரம் சூடு பிடித்தது அந்த வருஷம்தான். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலில் 'லைவ் ஆர்கேட்' என்று ஒரு கடை. அங்கே ஓர் அருமையான சட்டம் இருந்தது: எந்த கேமாக இருந்தாலும் இலவச சாம்பிளோடுதான் வர வேண்டும். ஜவுளிக்கடையில் துணியைக் கசக்கிப் பார்த்து வாங்குகிற மாதிரி. அடுத்த தலைமுறை கன்சோல் வந்தபோது அந்தக் கட்டாயம் காணாமல் போனது.

அந்தக் கடையில் 2008 ஆகஸ்டில் வந்த கேம் 'ப்ரெய்ட்'. செய்தவர் ஜொனாதன் ப்ளோ. கைக்காசு சுமார் 2 லட்சம் டாலரைக் கொட்டி, மூன்று வருஷத்துக்கு மேல் உழைத்தார். இதில் தப்பு செய்தால் உயிர் போவதில்லை; ஒரு பட்டனை அழுத்தினால் நேரமே பின்னோக்கி ஓடும். (மேனேஜரிடம் பேசிவிட்டு வெளியே வரும்போது எத்தனை நாள் அந்த பட்டனைத் தேடியிருப்போம்!) விலை 15 டாலர். உடனே கூச்சல் கிளம்பியது. 'பத்து டாலர்தானே வழக்கம்? டவுன்லோட் கேமுக்குப் பதினைந்தா?' என்று.

மனுஷர் அசரவில்லை. கேம் நன்றாக விற்றது. அந்த லாபத்தைப் போட்டுத்தான் அடுத்ததாக 'தி விட்னெஸ்' என்ற கேமைச் செய்து 2016-இல் வெளியிட்டார்.

அதே 2008-இல் நின்டெண்டோவின் 'வீ' கன்சோலுக்கு 'வேர்ல்ட் ஆஃப் கூ' வந்தது. பெரிய கம்பெனி உத்தியோகத்தை உதறிவிட்டு வந்த இரண்டு பேர் கைவண்ணம். அந்தக் கடையில் ஒரு கேம் 40 எம்.பி.யைத் தாண்டக் கூடாது. இன்றைக்கு ஒரு சீமந்தத்துக்குப் போய்வந்த சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்புகிற வீடியோவே அதைவிடக் கனம்!

'மணிக்கு எவ்வளவு?'

என் நண்பர் ஒருத்தர் வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறார். நான் எந்த கேமைச் சொன்னாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, 'எத்தனை மணி நேரம் ஓடும்?'

'ஜர்னி' பற்றிச் சொன்னேன். 2012-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தது. முழுக்கப் பாலைவனம். தூரத்தில் ஒரு மலை. அங்கே போக வேண்டும், அவ்வளவுதான் கதை. வசனம் கிடையாது. நடுவழியில் இன்னோர் உருவம் எதிர்ப்படும். அது கம்ப்யூட்டர் பொம்மை இல்லை. உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்து விளையாடுகிற நிஜ ஆசாமி. பெயர் தெரியாது, பேச முடியாது. ஒரு சின்ன ஓசை மட்டும் எழுப்பலாம். மலை நெருங்க நெருங்க பனிக்காற்று அடிக்கும். ஒட்டி நடந்தால்தான் இரண்டு பேருக்கும் கொஞ்சம் தெம்பு. எனக்குத் துணையாக வந்தவர் நான் பின்தங்கிய போதெல்லாம் நின்று, குரல் கொடுத்துக் கூட்டிப் போனார். மறுநாள் காலை பால் வாங்கப் போகும்போதும் அந்த முகம் தெரியாத ஆளின் ஞாபகம்தான்.

இவ்வளவும் கேட்டுவிட்டு நண்பர் சொன்னார்: "ரெண்டு மணி நேரம், 15 டாலர். மணிக்கு ஏழரை. ஏழரைன்னாலே சரிப்படாதுப்பா!"

அடுத்து 'வெண்பா'வை எடுத்தேன். கனடாவில் டொரான்டோ நகரத்து 'விசை கேம்ஸ்' 2023-இல் வெளியிட்டது. 1988-இல் அங்கே குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், பையன் கவின். வெண்பாவிடம் தன் அம்மா கொடுத்த பழைய சமையல் நோட்டு இருக்கிறது. பக்கம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரியை நாமே யூகித்து இட்லி ஊற்ற வேண்டும். புட்டு அவிக்க வேண்டும். நடுநடுவே கதை வருஷங்களைத் தாண்டுகிறது. பையன் வளர்கிறான். வளர வளர அம்மாவின் மொழியைவிட்டு ஒதுங்குகிறான். அவள் தமிழில் கூப்பிடுகிறாள். அவன் இங்கிலீஷில் பதில் சொல்கிறான்.

குறை இல்லாமல் இல்லை. புதிர்கள் சுலபம்; அடுப்படிப் பக்கம் போயிருக்கிறவருக்கு ரொம்பவே சுலபம். தோற்றுவிடுவோம் என்ற பயமே வராது. விறுவிறுப்புத் தேடுகிறவருக்கு இது சரிப்படாது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். விலை? அதே 15 டாலர். 2024-இல் இண்டிபென்டென்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல் விழாவில் முதல் பரிசு, அதே வருஷம் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருது எல்லாம் வாங்கிவிட்டது. நண்பர் கணக்குப் போட்டார். "மணிக்குப் பத்து. இது ஏழரையைவிட மோசம்!"

என்றாலும் சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்து ஆடிப் பார்த்தார். ஞாயிறு காலை போன். "எங்கம்மாவுக்கு போன் பண்ணி, இட்லிக்கு உளுந்து எவ்வளவு போடணும்னு கேட்டேன்பா. நாற்பது நிமிஷம் பேசினாங்க."

"அந்த நாற்பது நிமிஷத்தையும் கேம் கணக்கிலே சேர்த்துக்கோங்க. ரேட் குறையும்" என்றேன்.

வரவா, செலவா?

இப்போது மறுபக்கம் பாருங்கள். 'ஸ்டார்ட்யூ வேலி' என்று ஒரு கேம். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் படம், பாட்டு, கதை எல்லாம் தானே நாலரை வருஷம் உழைத்துச் செய்தது. 2016-இல் வந்து, 2024-க்குள் 4 கோடிப் பிரதிக்கு மேல் விற்றுவிட்டது. தாத்தாவின் நிலத்தில் உழுது, விதைத்து, மீன் பிடித்து, ஊர்க்காரர்களோடு பழக வேண்டும். அதுவும் 15 டாலர்தான். நூறு மணி நேரம் தாராளமாக ஓடும். நண்பர் கணக்குப்படி மணிக்கு 15 சென்ட். கொள்ளை மலிவு!

ஆனால், அந்த நூறு மணி எங்கிருந்து வருகிறது? காலை எட்டரைக்கு பஸ் பிடிக்கிறவனுக்கு ராத்திரி பத்திலிருந்து பன்னிரண்டுவரை கிடைத்தால் அதிர்ஷ்டம். 'இன்னும் ஒரு நாள் தண்ணி ஊத்திட்டுப் படுக்கலாம்' என்று ஆரம்பித்தால் மணி இரண்டு. மறுநாள் டெபிட்டும் கிரெடிட்டும் கண்ணில் இரண்டிரண்டாகத் தெரியும்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு கேம் ஓடுகிற நேரத்தை எல்லோரும் வரவுப் பக்கம் எழுதுகிறார்கள். பள்ளிக்கூடப் பையனுக்கு அது சரி. வேலைக்குப் போகிறவனுக்கு நேரம் செலவுப் பக்கம் போக வேண்டிய ஐட்டம். பந்தியில் அல்வாவை எடை போட்டு, 'உப்புமா இதைவிட நிறைய வந்திருக்குமே' என்று யாராவது சண்டை போடுவார்களா? ஸ்டார்ட்யூ வேலி நல்ல கேம்தான். ஆனால், அதன் விலை 15 டாலர் மட்டும் என்று நான் எழுதினால் அது பொய்க்கணக்கு.

கடையைக் கட்டிட்டாங்க!

2025 செப்டம்பர் 4-ஆம் தேதி ஒரு வேடிக்கை. ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரத்து 'டீம் செர்ரி' என்ற சின்ன கோஷ்டி, 'ஹாலோ நைட்: சில்க்சாங்' கேமை 20 டாலருக்கு வெளியிட்டது. ஜனங்கள் முண்டியடித்ததில் ஆன்லைன் கடைகளே திணறி நின்றன. விமரிசகர்களுக்கு முன்கூட்டிப் பிரதி கிடையாது; எல்லோரோடும் வரிசையில் நின்று வாங்கிக்கொள் என்று விட்டார்கள். ஊரறிந்த கேமுக்கு எங்கள் தயவு வேண்டாம், சரி. பெயர் தெரியாத கேமுக்கு? பக்கத்து வீட்டுக்காரர்கூட அறியாத ஒருவர் மூன்று வருஷச் சேமிப்பைப் போட்டுச் செய்ததை யாராவது ஒருத்தர் கடைசிவரை ஆடிப் பார்த்து நாலு வரி எழுதினால்தான் உண்டு.

அதையும் சீக்கிரம் எழுத வேண்டும். காரணம், கடைக்கே ஆயுசு கட்டை! வீ கன்சோலின் கடை 2019 ஜனவரி 30-இல் மூடியது. நின்டெண்டோ 3டிஎஸ், வீ யூ கடைகள் 2023 மார்ச் 27-இல். எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29-இல். வேறு கன்சோலுக்கு மாறிக்கொண்ட கேம்கள் பிழைத்தன. மாறாதவை பூட்டிய ஷட்டருக்குள் நின்றுவிட்டன. 'ஸ்காட் பில்க்ரிம்' கேம் 2010-இல் வந்து 2014 டிசம்பரில் விற்பனையிலிருந்தே தூக்கப்பட்டது. மறுபடி வந்தது 2021 ஜனவரியில். நடுவில் ஆறு வருஷம் காசு கொடுத்தாலும் கிடையாது. நீங்கள் வாங்குவது சொத்து இல்லை சார், உபயோகிக்க அனுமதி. கிட்டத்தட்ட வாடகை வீடு மாதிரி.

அதனால் என் விமரிசனத்தில் மார்க் போடும் முன் நாலு கேள்வி கேட்டுக்கொள்வேன். நீங்களும் பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளலாம்.

* முடிய வேண்டிய இடத்தில் முடிகிறதா, ஜவ்வாக இழுக்கிறதா?

* அரை மணி ஆடிவிட்டு அணைத்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?

* இலவச சாம்பிள் இருக்கிறதா? இருந்தால் முதலில் அது.

* ஒரே ஒரு கன்சோலில் மட்டும் கிடைக்கிறதா, வேறு இடத்திலும் உண்டா? ஒன்றில் மட்டும் என்றால், ஆசைப்பட்டதை இப்போதே வாங்கிவிடுங்கள்.

'எத்தனை மணி நேரம்?' என்ற கேள்வி இந்தப் பட்டியலில் இல்லை, கவனித்தீர்களா?

மற்றபடி உங்கள் இஷ்டம். ஸ்டார்ட்யூ வேலியை மட்டும் தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆரம்பிக்காதீர்கள். திங்கட்கிழமை என்று ஒன்று இருக்கிறது!