கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் எழுத்து

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

ஓலையில் எழுதிய காலம் போயிற்று. தாளில் எழுதும் காலமும் தேய்ந்து வருகின்றது. உதவித்தொகை, தேர்வு முடிவு, பட்டா, ரேஷன் அட்டை ஆகிய அனைத்தும் இன்று இணையதளத்தில்தான். ஆகவே இணையப் பக்கத்தில் எவ்வாறு எழுதுவது என்பது கணிப்பொறித் துறையினருக்கு மட்டும் உரிய கேள்வியன்று.

அப்பக்கங்களை எல்லோரும் கண்ணால் படிப்பதில்லை என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பார்வையற்றோர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் காதால் படிக்கின்றனர். அவற்றுள் ஒன்றான என்.வி.டி.ஏ.வை 2006-ஆம் ஆண்டு உருவாக்கத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன், அவரும் பார்வையற்றவரே. அது விலையின்றிக் கிடைக்கின்றது. ஆனால் பக்கத்தில் எழுத்தாக இருப்பதையே அது வாசிக்கும். சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, முத்திரை குத்தி, மீண்டும் ஸ்கேன் செய்து ஏற்றும் வழக்கம் நம்மிடையே உண்டல்லவா? முத்திரை அழகாகத்தான் தெரியும். காதால் படிப்பவருக்கோ அது வெற்றுத் தாள்!

தமிழுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. பாமினி எழுத்துருவில் நாம் 'அம்மா' என்று காண்பது, கணிப்பொறிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளே. திரைவாசிப்பானுக்கு அங்கே அம்மா இல்லை. ஒருங்குறியில் 1991-லேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. தமிழக அரசு 2010-இல் அதனைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. பழைய குறியீட்டில் தங்கிவிட்ட பக்கங்களை மாற்றித் தருவது தமிழ்ப்பணியே என்பது என் கருத்து.

உலகளாவிய வலைச் சேர்த்தியம் இதற்கான நெறிகளை 1999-இல் முதன்முதலாக வெளியிட்டது. 2023-இல் வந்தது 2.2 என்னும் பதிப்பு. படத்திற்கு மாற்றுரை வேண்டும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்திற்குக் குறையலாகாது. இணைப்புகளுக்கு இடும் பெயரே நாம் அதிகம் கவனிக்க வேண்டியது. திரைவாசிப்பானைக் கொண்டு ஒரு பக்கத்தின் இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்க முடியும். அப்போது "இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும்" என்று பத்து முறை ஒலித்தால் கேட்பவர் எதைச் சொடுக்குவார்? "விடுதி விண்ணப்பப் படிவம்" என்று எழுதினால் வேலை முடிந்தது.

இத்தனையும் செய்த பின்னரும் நடை கடினமாயிருந்தால் பயனில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தெருவில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் என்னிடம் வரும். என் தாயார் எழுத்துக் கூட்டிப் படிப்பார். "மேற்காண் ஆவணங்களைச் சமர்ப்பிக்கத் தவறும் பட்சத்தில் விண்ணப்பம் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படமாட்டாது" என்பது போன்ற வாக்கியத்தின் முடிவுக்கு அவர் வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். "இந்தச் சான்றிதழ்களைத் தராவிட்டால் பணம் கிடைக்காது" என்றிருந்தால் என்னைத் தேட மாட்டார். குறை அவர் படிப்பில் இல்லை, எழுதியவரிடம் இருக்கின்றது.

ஐயமுள்ள நண்பர்கள் ஆண்ட்ராய்டு செல்பேசியில் 'டாக்பேக்' வசதியை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஏதேனும் ஒரு விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். ஒருமுறை தொட்டால் வாசிக்கும். இருமுறை தட்டினால் திறக்கும். அணைப்பதற்கும் அதே இருமுறைத் தட்டல்தான். அதைப் பழகிக்கொண்டு தொடங்குங்கள்!