நான்கு பலகைகள், ஓர் அணி

கோலார் தங்கவயலை அடுத்த பேத்தமங்களாவில் பாலாற்று நீரைத் தேக்கி வைத்திருக்கும் பெரிய ஏரி ஒன்று உள்ளது. சுரங்கங்கள் இயங்கிய காலத்தில் தங்கவயல் மக்களின் தாகத்தைத் தணித்தது இந்த ஏரி நீரே. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, இவ்வூரைக் கடந்து, ஆந்திர மாநிலத்தின் வழியாகத் தமிழ்நாட்டிற்குள் நுழைகிறது. பின்னர் மாமல்லபுரத்திற்குத் தெற்கே வயலூருக்கு அருகில் வங்கக் கடலில் கலக்கிறது.

அந்த மாமல்லபுரத்தில் 2022ஆம் ஆண்டு 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றது. உலக நாடுகளின் அணிகள் மோதும் இப்பெரும்போட்டி இந்தியாவில் நடைபெற்றது அதுவே முதன்முறை. முதலில் ரஷ்யாவில் நடைபெறுவதாக இருந்த போட்டி, உக்ரைன் போரின் காரணமாக அந்நாட்டிலிருந்து மாற்றப்பட்டது. அதனால் தமிழ்நாட்டிற்கு ஆயத்தம் செய்யக் கிடைத்த காலம் ஏறத்தாழ நான்கு மாதங்களே. பொதுப்பிரிவில் மட்டும் 188 அணிகள் பதிவு செய்தன.

அத்தனை அணிகளை ஒழுங்குபடுத்திய விதிகளைக் கொண்டே, இருபது பள்ளிகள் பங்குபெறும் சிறிய போட்டியையும் நடத்தலாம். அது எவ்வாறு என்பதைக் காண்போம்.

அணியும் பலகை வரிசையும்

சதுரங்கம் தனி ஒருவரின் ஆட்டம் என்றே பலரும் எண்ணுகின்றனர். அணிப்போட்டியில் அவ்வாறு இல்லை. ஓர் அணியில் நால்வர் ஆடுவர். மாற்று ஆட்டக்காரராக ஐந்தாமவர் ஒருவர் இருப்பார். நால்வரும் ஒரே நேரத்தில் எதிரணியின் நால்வரோடு நான்கு பலகைகளில் ஆடுவர். முதல் பலகையில் ஆடுபவர் எதிரணியின் முதல் பலகைக்காரரைச் சந்திப்பார். நான்காம் பலகையில் ஆடுபவர் நான்காம் பலகைக்காரரைச் சந்திப்பார்.

இந்த வரிசையைப் போட்டி தொடங்கும் முன்பே எழுதி நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் மாற்ற இயலாது. இந்த விதி இல்லையென்றால், வலிமை மிக்கவரைக் கடைசிப் பலகையில் அமர்த்தி எளிதாக ஒரு புள்ளியைப் பறிக்கும் குறுக்குவழி பிறந்துவிடும். மூன்றாம் பலகைக்காரர் ஒரு சுற்றில் ஓய்வெடுத்தால், நான்காமவர் மூன்றாம் பலகைக்கு உயர்வார். மாற்று ஆட்டக்காரர் நான்காம் பலகையில் அமர்வார். அப்போதும் வரிசை கலையாது.

காய்களின் நிறமும் முன்னரே முடிவு செய்யப்படும். ஓர் அணிக்கு ஒன்றாம், மூன்றாம் பலகைகளில் வெள்ளைக் காய்கள். இரண்டாம், நான்காம் பலகைகளில் கறுப்புக் காய்கள். எதிரணிக்கு இதன் மறுதலை. இதனால் இரு அணிகளும் முதல் நகர்த்தலைச் சமமாகப் பெறுகின்றன.

யார் யாரோடு ஆடுவது?

இருபது அணிகள் வந்துள்ளன என்று கொள்வோம். தோற்ற அணி வெளியேற வேண்டும் என்னும் நாக் அவுட் முறையைப் பின்பற்றினால், முதல் சுற்றிலேயே பத்து அணிகள் வீடு திரும்ப வேண்டும். தொலைவிலிருந்து விடியற்காலையில் பேருந்தேறி வந்த ஒரு பள்ளியின் மாணவர்கள், ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்புவது முறையாகுமா? ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆடும் லீக் முறையைப் பின்பற்றினாலோ, 19 சுற்றுகள் வேண்டும். மொத்தம் 190 மோதல்கள் நடத்த வேண்டும். ஒரு நாளில் அது நடவாது.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியே சுவிஸ் முறை. இதில் எந்த அணியும் வெளியேற்றப்படுவதில்லை. முதல் சுற்றுக்கு, அணிகளை வலிமையின்படி 1 முதல் 20 வரை வரிசைப்படுத்தி, முதல் அணியைப் பதினோராம் அணியோடும், இரண்டாம் அணியைப் பன்னிரண்டாம் அணியோடும் மோதவிடுவர். அடுத்த சுற்றுகளில், சமமான புள்ளிகள் பெற்ற அணிகள் தம்முள் மோதும். ஒரு முறை மோதிய இரு அணிகள் மறுமுறை மோதுவதில்லை.

இதனால் வென்ற அணி மேன்மேலும் கடினமான எதிரணியைச் சந்திக்கிறது. தோற்ற அணி தன் வலிமைக்கு ஏற்ற எதிரணியைச் சந்திக்கிறது. காலையில் இரு முறை தோற்ற பள்ளிக்கும் மாலையில் வெற்றி காணும் வாய்ப்பு உண்டு. இருபது அணிகளுக்கு ஐந்து சுற்றுகள் போதும். ஒலிம்பியாடில் 188 அணிகளுக்குப் பதினொரு சுற்றுகளே நடத்தப்பட்டன.

அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணி ஆடாமல் காத்திருக்க நேரும். போட்டியை நடத்தும் பள்ளி மேலும் ஓர் அணியைச் சேர்த்து இக்குறையை நீக்கலாம். மாமல்லபுரத்தில் இந்தியா இரண்டு அணிகளுக்கு மேல் மூன்றாவது அணியையும் களமிறக்க முடிந்ததற்கு இதுவே காரணம்.

ஆயத்தப் பணிகள்

இருபது அணிகள் ஒரு சுற்றில் பத்து மோதல்களில் ஈடுபடும். மோதலுக்கு நான்கு பலகைகள் வீதம் 40 பலகைகளும், 40 சதுரங்கக் கடிகாரங்களும், 80 நாற்காலிகளும் தேவை. ஒவ்வொருவருக்கும் 25 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆட்டம் 50 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால், உணவு இடைவேளை போக, ஐந்து சுற்றுகளும் மாலைக்குள் நிறைவுறும்.

ஒவ்வொரு மேசையிலும் பலகை எண்ணும் அணிகளின் பெயரும் எழுதிய அட்டை இருத்தல் வேண்டும். கைப்பேசிகள் அரங்கிற்கு வெளியே இருக்க வேண்டும். தொட்ட காயையே நகர்த்த வேண்டும் என்பதையும், காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே அறிவித்தல் நன்று. ஐயம் எழுந்தால் மாணவர் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்தி நடுவரை அழைக்கலாம். எதிரே இருப்பவரோடு வாதிடுதல் கூடாது.

அணித்தலைவர் தம் ஆட்டக்காரரிடம் சமநிலையை ஏற்கலாம் என்றோ மறுக்கலாம் என்றோ கூறலாம். பலகையில் உள்ள நிலையைப் பற்றி ஒரு சொல்லும் கூறலாகாது. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எனப் பல மொழிகள் ஒலிக்கும் தங்கவயல் போன்ற ஊரில் இதில் தனிக்கவனம் வேண்டும். நடுவருக்குப் புரியாத மொழியில் பேசினால், நேர்மையானவர் மீதும் ஐயம் எழும். எனவே நடுவரின் முன்னிலையில், அவருக்குப் புரியும் மொழியில் பேசுதலே முறை.

புள்ளிக் கணக்கு

ஒரு பலகையில் வென்றவருக்கு ஒரு புள்ளி. சமநிலை எனில் இருவருக்கும் அரைப் புள்ளி. நான்கு பலகைகளின் புள்ளிகளைக் கூட்டி, இரண்டுக்கு மேல் பெற்ற அணி அந்த மோதலில் வென்றதாகக் கொள்வர். வென்ற அணிக்கு 2 மோதல் புள்ளிகள். 2–2 எனச் சமமானால் இரு அணிகளுக்கும் ஒவ்வொன்று. நான்கு பலகைகளிலும் வென்றாலும், இரண்டரைக்கு ஒன்றரை என்று வென்றாலும், கிடைப்பவை அதே 2 புள்ளிகளே. இறுதியில் இரு அணிகள் சமமாக நின்றால், பலகைப் புள்ளிகளின் கூட்டுத்தொகையைக் கொண்டு முதலிடத்தை முடிவு செய்யலாம். சமன் முறிக்கும் இவ்விதியையும் முதல் சுற்றுக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும்.

ஒருவர் வீழ, ஒருவர் தாங்க

ஒலிம்பியாடின் பத்தாம் சுற்றில் இந்தியாவின் இளைஞர் அணி உஸ்பெகிஸ்தானை எதிர்கொண்டது. முதல் பலகையில் ஆடியவர் சென்னையைச் சேர்ந்த பதினாறு வயது குகேஷ். முதல் எட்டு ஆட்டங்களிலும் தொடர்ந்து வென்றிருந்த அவர், அன்று வெற்றி வாய்ப்புள்ள நிலையில் ஒரு பிழை செய்து, அப்துசத்தோரவிடம் தோற்றார். இரண்டு பலகைகள் சமநிலையில் முடிந்தன. மூன்றாம் பலகையில் ஆடிய பிரக்ஞானந்தா வென்றதால் மோதல் 2–2 என முடிந்தது. உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது. மறுநாள் ஜெர்மனியை வென்ற இந்திய இளைஞர் அணி வெண்கலம் பெற்றது. குகேஷ் முதல் பலகைக்கான தனிநபர் தங்கத்தைப் பெற்றார்.

முதல் பலகையில் இழந்த ஒரு புள்ளியும் மூன்றாம் பலகையில் பெற்ற ஒரு புள்ளியும் ஒரே எடை உடையவை. இருபது பள்ளிகளின் போட்டியிலும் கணக்கு இதுவே. நான்காம் பலகையில் அமர்ந்து, தோல்வியின் விளிம்பிலிருந்து அரைப் புள்ளியை மீட்கும் மாணவி, தன் பள்ளியின் வெற்றியையே மீட்டிருக்கக்கூடும். அவளுக்கும் ஐந்து சுற்றுகள் ஆடும் இடத்தை உறுதி செய்வதே போட்டியை நடத்துவோரின் முதற்கடமை.

பயிற்சி

1. பலகை வரிசையைப் போட்டிக்கு முன்பே எழுதித் தருவதன் நோக்கம் யாது?
2. நாக் அவுட் முறைக்கும் சுவிஸ் முறைக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. ஓர் அணி முதல் பலகையில் தோற்று, இரண்டாம் பலகையில் வென்று, மற்ற இரண்டில் ஒரு வெற்றியும் ஒரு சமநிலையும் பெற்றது. அதன் பலகைப் புள்ளிகள் எத்தனை? மோதல் புள்ளிகள் எத்தனை?
4. பன்னிரண்டு பள்ளி அணிகள் பங்குபெறும் போட்டிக்கு எத்தனை பலகைகள் தேவை? உங்கள் வகுப்பில் நால்வர் கொண்ட அணிகளை அமைத்து, முதல் சுற்றுக்கான மோதல் பட்டியலைத் தயாரிக்க.